எழுதியவர் பேசக் கூடாது

எங்கள் கையேட்டு வேலையில் சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். ஒரு பாடத்தை எழுதி முடித்தவர், அந்த மென்பொருளைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரைப் பிடித்துவந்து கணினியின் முன் உட்கார வைக்க வேண்டும். வந்தவர் அந்தப் பாடத்தைப் படித்து, அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்வார். எழுதியவர் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பேசக் கூடாது, 'ம்ஹூம்' கூடாது, பெருமூச்சு கூடாது. இருமலுக்கும் பிறகு தடை போட வேண்டி வந்தது. ஒரு மனிதர் இருமி இருமியே வழிகாட்டிக்கொண்டிருந்தார். படிப்பவர் மேலே போக வழி தெரியாமல் நின்றுவிட்டால் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். எழுதியவர் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்த் திரும்ப எழுதுவார்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் என் அக்கா. பள்ளிக்கூடத்தில் கணினி அறை அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்கும் சரி, எங்கள் குழுவுக்கும் சரி, அவள் லேப் அக்கா. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் இதே முறையில்தான். ஏறுவதிலிருந்து பிரேக் பிடிப்பது வரை ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு வாயைத் திறக்காமல் பின்னாலேயே நடந்து வந்தாள். நான் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஊரைக் கூட்டியபோது, அது என் தப்பில்லை, திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று தான்தான் சொல்லாமல் விட்டுவிட்டதாகச் சொன்னாள். கையேட்டிலும் அதே பேச்சுதான். படிக்கிறவர் தப்புப் பண்ணவே முடியாது, அவர் நின்றுவிட்டால் எழுதியவர் எங்கேயோ ஒரு படியை விட்டிருக்கிறார் என்பாள்.

நாங்கள் கையேடு எழுதுகிற மென்பொருளுக்குச் சிலேட்டு என்று பெயர். பள்ளிக்கூடக் கணினி அறைகளுக்கென்றே செய்தது. விலை கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் வரைந்த படம், தட்டிய கட்டுரை, எழுதிப் பார்த்த குட்டி நிரல்கள் எல்லாம் வகுப்புவாரியாக அதில் இருக்கும். அதைச் செய்கிறவர்கள் மகா கெட்டிக்காரர்கள். திரையில் ஒரு பொத்தானை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். கையேட்டில் இருக்கிற படங்களையெல்லாம் நாங்கள் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

சம்பளத்துக்கு நான் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கையேட்டை ஒருங்கிணைக்கும் வேலையை என் தலையில் கட்டியவளும் அக்காதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதுதான் அதற்குத் தகுதியாம். எழுதுகிறவர்கள் யாருக்கும் கூலி கிடையாது. கூலி வாங்காதவரை வேலை வாங்குவது எப்படிப்பட்ட பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுகிறேன் என்பார்கள். எந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல மாட்டார்கள். 'சொடுக்கவும்' என்று எழுதுவதா 'கிளிக் செய்யவும்' என்று எழுதுவதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. குழுவில் ஒருவருக்கு 'ஆனால்' என்றே பெயர். கடல் தாண்டி எங்கேயோ கப்பல் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். நேரில் பார்த்ததில்லை. எதை அனுப்பினாலும் அவருடைய பதில் 'ஆனால்' என்றுதான் தொடங்கும். இன்னொருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டில் வேலை முடிந்து வந்து எழுதுவார். அவர் எழுதிய பாடங்களில் நான் கை வைத்ததே இல்லை.

ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் இரண்டு வரி போடுவோம். எழுதியவர் இன்னார், செய்து பார்த்தவர் இன்னார். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எழுதியவருக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே தெரியுமே, அவர் செய்து பார்த்து என்ன பிரயோசனம்?

அக்காவின் பாடம் ஆண்டு இறுதிப் பாடம். வருஷம் முடியும்போது ஒவ்வொரு வகுப்பையும் அதன் வேலைகளோடு மேல் வகுப்புக்கு ஏற்ற வேண்டும். வரிசை தப்பினால் ஒரு வகுப்பின் மேல் இன்னொரு வகுப்பு உட்கார்ந்துவிடும். கீழே மாட்டிய பிள்ளைகளின் ஒரு வருஷத்து வேலை போயே போய்விடும். அதனால் அவள் அந்தப் பாடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினாள். அதன் முதல் வரி, 'கணினியின் முன் உட்காருங்கள்.' நான் அதை அடித்தேன். ஆனால் நின்றுகொண்டு செய்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று 'ஆனால்' தன் பங்குக்குக் கேட்டார். அக்கா அந்த வரியைத் திரும்ப எழுதினாள். நான் திரும்ப அடித்தேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டால், "எல்லாருக்கும்னா யாருக்குடி?" என்பாள். "அவசரக்குடுக்கை. உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சதா அர்த்தமா?"

என்னை அவசரக்குடுக்கை என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது.

போன வருஷம் அந்தப் பாடத்தைப் புதுப் பதிப்புக்காகத் திருத்தித் தரச் சொன்னேன். தந்தாள். நன்றாக இருந்தது. சில நாள் கழித்து மறுபடியும் அதே பாடத்தை அனுப்பினாள். முந்தையதைத் தொட்டுத் திருத்தியது இல்லை. ஆரம்பத்திலிருந்து வேறு வார்த்தைகளில் புதிதாக எழுதியிருந்தாள். முதலில் அனுப்பியதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விளையாடுகிறாயா என்று போனில் எகிறினேன். அவள் சிரித்துக்கொண்டே, இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள் என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒரே பையனிடம் ஒரே வகுப்பில் மூன்று தடவை பெயர் கேட்டாள். ஒருநாள் காலை கணினி அறை வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிள்ளைகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். சாவி எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளைதான் அதை மெதுவாக வாங்கிப் பூட்டைத் திறந்ததாம். மாமா, அக்கா வீட்டுக்காரர்தான், அவளை டாக்டரிடம் அழைத்துப்போனார். படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். குணமாகாது, மெதுவாகப் போகுமா வேகமாகப் போகுமா என்றும் சொல்ல முடியாது என்றார்கள். மாமா மின்சார அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். சும்மாவே பேச்சு குறைவு. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். நான்தான் அவர் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கி வைத்தேன். அக்கா ஓய்வு பெறும் வயதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பள்ளிக்கூடம் அவளுக்கு விடுப்புக் கொடுத்தது. அவள் இடத்தில் தற்காலிகமாக ஒருவர் வந்து, தன் கணக்கில் நுழைந்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆண்டு இறுதி வேலையை யார் செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தற்காலிகமாக வந்தவருக்கு அந்த அனுமதி கிடையாது. அது அக்காவின் கணக்கிலிருந்து மட்டும்தான் முடியும்.

"ஒண்ணாப்புல வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் நான் ஏத்திவிட்ட பிள்ளைங்கடி," என்றாள் ஒருநாள். நல்ல தெளிவோடு இருந்த நாள் அது. "இந்த வருஷமும் நானே ஏத்திவிடணும். அதுக்கப்புறம் யாரு வேணா என்ன வேணா சொல்லிக்கட்டும்."

நான் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். கறாரான பெண்மணி, ஆனால் அக்காவின் மேல் மதிப்பு உண்டு. முதலில் பிடி கொடுக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வேலையை வைத்து விஷப்பரீட்சை செய்ய முடியாது என்றார். நான் முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துவிடுகிறேன், ஒரு கோடுகூடக் காணாமல் போகாது என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் சிலேட்டைப் போட்டுக்கொடுத்தவள் நான்தான், பராமரிப்பு வேலைக்கென்று எனக்கும் ஒரு கணக்கு உண்டு. அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மூடினார்.

"கையேட்டைப் பாத்து அவங்களே செஞ்சு முடிக்கட்டும்," என்றார். "முடிச்சாங்கன்னா அடுத்த வருஷமும் லேப் அவங்களோடதுதான், துணைக்கு ஒரு ஆளைப் போட்டுத் தர்றேன். ஆனா நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தீங்கன்னா அது அவங்க செஞ்சதா ஆகாது."

சொல்லிக்கொடுப்பதா? எங்களுக்கா? வாயை மூடிக்கொண்டு உட்காருவதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். கையேடு என்பதே தெரியாதவர்களுக்காக எழுதுவதுதான். ஞாபகம் இருக்கிறவருக்குக் கையேடு எதற்கு? எங்கள் பாடம் உண்மையாகவே நல்ல பாடம் என்றால், ஞாபகமே இல்லாத ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட வேண்டும். அப்படி ஒரு பாடத்தை எழுதிவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஆத்திரம்தான் அது, வேறென்ன. டாக்டர் மேல் காட்ட முடியாததை அந்தப் பாடத்தின் மேல் காட்டினேன்.

குழுவில் காரணம் சொல்லவில்லை. ஆண்டு இறுதிப் பாடத்தை எதையுமே நினைவில் வைத்துக்கொள்ளாதவருக்காக எழுதப் போகிறோம் என்று மட்டும் அறிவித்தேன். நான் வருஷக்கணக்காக அடித்த வரிகளையெல்லாம் தேடி எடுத்துத் திரும்பப் போட்டேன். கணினியின் முன் உட்காருங்கள். வலது பக்கம் இருக்கும் வட்டமான பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பச்சை விளக்கு எரியும் வரை காத்திருங்கள். விளக்கு எரிகிறதா? அடுத்த வரிக்கு வாருங்கள். 'ஆனால்' கொதித்துப்போனார், ஆனால் இதைப் படிக்கிற ஆசிரியர்கள் தங்களைக் கேலி செய்வதாக நினைக்க மாட்டார்களா என்று பக்கம் பக்கமாக எழுதினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. அவரே போன் செய்தார். ஒரு வரியில் இரண்டு வேலை இருக்கக் கூடாது, இரண்டாவதைச் செய்யும்போது முதலாவது மறந்துவிடும் என்றார். 'முன்பு செய்தது போல' என்று எங்கேயும் எழுதாதே என்றார். முன்பு என்று ஒன்று அவர்களுக்கு இருக்காது. முடித்த வரியின் மேல் கோடு போட ஒரு பென்சில் கொடுக்கச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டு, யாருக்காக என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். சட்டென்று குரல் இறங்கிவிட்டது அவருக்கு.

"ஒரு நாள் எல்லாம் வரும், ஒரு நாள் எதுவுமே வராதும்மா," என்றார். "அந்த நாள் எப்படி அமையும்னு யார் கையிலயும் இல்ல. நீ மட்டும் உன்னை நொந்துக்காத."

பாடம் முடிந்ததும் கீழ்வீட்டு டைலரைக் கூட்டிவந்து செய்யச் சொன்னேன். எங்கள் குழுவுக்கென்று ஒரு பழைய கணினியை என் அறையில் வைத்திருக்கிறோம். அதில் ஒரு மாதிரிப் பள்ளிக்கூடம், மாதிரி வகுப்புகள், இல்லாத பிள்ளைகள். யாரைக் கூட்டிவந்தாலும் அதில்தான் செய்து பார்ப்பார்கள். டைலர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு உட்கார்ந்து, வரிவரியாக வாய்விட்டுப் படித்து, ஓரிடத்திலும் கையை மடியில் வைக்காமல் முடித்தார். இவ்வளவு சுலபமான வேலைக்கா பள்ளிக்கூடத்தில் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது அக்கா. மாமா அவளை அழைத்து வந்தார். முதல் வரியைப் பார்த்ததும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உக்காரச் சொல்லி எழுதியிருக்கே. உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி, ஒரு வேலை, ஒரு கோடு. இடையில் ஒருமுறை நிமிர்ந்து, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியாத பார்வை பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்து, கோடு போடாத முதல் வரியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தொடர்ந்தாள். இல்லாத பிள்ளைகள் எல்லாரும் மேல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தப் பாடம்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை நேரத்தைத் தலைமையாசிரியை ஒதுக்கிக் கொடுத்தார். முந்தின நாளே போய் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துவிட்டேன். பிள்ளைகள் இல்லாத கணினி அறை பெரிதாக இருந்தது. நாற்காலிகளை மேஜைகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேஜைகளுக்கு அடியில் யாரோ விட்டுப்போன ஒரு தண்ணீர் பாட்டில். சுவரில் அக்காவின் கையெழுத்தில் பெரிதாக, 'கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள்.' அது கையேட்டின் முதல் பாடத்திலும் அவள் எழுதிய வரி. ஒரு ஆசிரியர் தன் கடவுச்சொல்லை மேஜை விளிம்பில் எழுதி வைத்தார் என்பதற்காக அவள் மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தவள்.

தலைமையாசிரியை கதவருகே நின்றார். மாமா வராந்தாவிலேயே இருந்துகொண்டார். அக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். வழியெல்லாம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே வந்தாள், பதற்றம் என்று நினைத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் மேஜையின் மேலிருந்த தூசியைப் புறங்கையால் தட்டினாள். உட்கார்ந்தாள். நான் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வரி. கோடு. வட்டமான பொத்தான். கோடு. பச்சை விளக்கு எரிந்தது. கோடு. அடுத்த வரி, 'உங்கள் பயனர் பெயர் திரையில் தெரியும்.' தெரிந்தது. கோடு. அதற்கடுத்த வரி, 'உங்கள் கடவுச்சொல்லை இடுங்கள்.'

அக்கா அதைப் படித்தாள். விரலை வரியின் அடியில் வைத்து இன்னொரு முறை படித்தாள். பிறகு வலது கையை நீட்டித் திரையின் மேல் விளிம்பைத் தடவினாள். அங்கே ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் தடவினாள். அங்கேயும் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் அறையில் இருக்கிற மாதிரிக் கணினியின் மேல் விளிம்பில் ஒரு காகிதத்துண்டு ஒட்டியிருக்கும். அதன் கடவுச்சொல் அதில் எழுதியிருக்கும். செய்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். டைலரும் அதைப் பார்த்துத்தான் அடித்தார், அக்காவும் அதைப் பார்த்துத்தான் அடித்தாள். அந்த வரியில் இதுவரை யாரும் நின்றதே இல்லை. அத்தனை பேர் உட்கார்ந்து, பச்சை விளக்குக்குக்கூட ஒரு வரி எழுதி, எந்தக் கையேட்டிலும் எழுத முடியாத ஒன்று அந்தப் பாடத்தின் நடுவில் இருக்கிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. இந்தக் கணினியின் கடவுச்சொல் அக்காவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவள் அதை மாமாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அக்கா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்றுவது பெரிய வேலை இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக மூலையில் இருக்கிற பெரிய கணினியில் போய் என் பராமரிப்புக் கணக்கில் நுழைந்தால் முடிந்துவிடும். தலைமையாசிரியையிடம் கேட்டால் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்திருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அக்கா," என்றேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்து மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு அது. ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

"எழுதினவங்க பேசக் கூடாதுங்க," என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கதவருகே நிற்கிற தலைமையாசிரியைக்குக் கேட்கக் கூடாது என்று, என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான். இங்க ஒரு படி விட்டுப்போச்சு, அவ்வளவுதான். குறிச்சு வச்சுக்கோங்க." பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "புதுசா எழுத வந்திருக்கீங்களா? என் தங்கச்சிகிட்ட குடுங்க. கோவக்காரிதான். ஆனா கரெக்டா சரிபண்ணிக் குடுத்துடுவா."

பென்சிலை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, அவள் விரல் வைத்திருந்த இடத்தில் குறித்தேன். கண் மறைத்ததில் கோடு கோணலாகப் போனது. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாயா என்று கேட்கவில்லை. முதல்முறை தப்புக் கண்டுபிடிக்கப்பட்ட பல பேர் அவள் எதிரில் அழுதிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தலைமையாசிரியையிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அக்கா மீதி வரிகளையும் முடித்திருப்பாள். பென்சிலும் கோடும் இருந்தால் அவளால் முடியும். ஆனால் அடுத்த வருஷம் அந்த அறைக்குள் வருகிற பிள்ளைகளை அவள் யார் என்று நினைப்பாள்? என்னையே தெரியவில்லை அவளுக்கு. நான் எழுந்து போய், முடியவில்லை என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். அக்கா எழுந்து வந்து அவரிடம், ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஒரே ஓர் இடம்தான் என்று எனக்காகச் சிபாரிசு செய்தாள். மாமா வந்து அவளை வெளியே அழைத்துப்போனார்.

நான் பெரிய கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அவள் நாற்காலிக்குத் திரும்பினேன். எனக்கு அந்த வேலை தலைகீழாகத் தெரியும். இருந்தாலும் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துத்தான் செய்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கோடு போட்டேன். பிள்ளைகள் எல்லாரும் மேல் வகுப்புக்குப் போனார்கள். வராந்தாவில் அக்கா மாமாவிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

பாடத்தைப் பதிப்புக்கு அனுப்பும்போது அடியில் இரண்டு வரி போட்டேன். எழுதியவர், லேப் அக்கா. செய்து பார்த்தவர், லேப் அக்கா. ஆனால் இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாதே என்று 'ஆனால்' கேட்டார், எதிர்பார்த்ததுதான். செய்து பார்த்தபோது எழுதியது தான்தான் என்று அவளுக்குத் தெரியாது, சட்டப்படி சரிதான் என்று பதில் எழுதினேன். அவர் வெகுநேரம் கழித்துச் சரி என்று மட்டும் எழுதினார். நர்ஸ் அவரிடம் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அக்காவை என் அறைக்கு அழைத்து வருகிறார். கணினியைப் பார்த்தால் அவள் முகம் தெளிகிறது. அவள் எதிரில் ஒரு பாடத்தை வைத்துவிட்டு நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். செய்து பார்க்கிற ஒருவரை ஒரு பாடத்துக்கு ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், அடுத்த முறை அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். அக்காவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சில வாரம் நான் அவளுக்குத் தங்கை, சில வாரம் எழுத வந்த யாரோ.

போன வாரம் அவளே தாள்களைக் கிளறி ஆண்டு இறுதிப் பாடத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அதே தாள். கோணலாக இருந்த என் பென்சில் குறியைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தை இன்னும் சரிபண்ணவில்லையா, என் தங்கச்சியிடம் கொடுக்கவில்லையா என்று கேட்டாள். கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"அவசரக்குடுக்கைன்னுதான் அவளுக்குப் பேரு," என்றாள் அக்கா. "இந்த ஒரு வரிக்கு மட்டும் எவ்வளவு நாள் எடுத்துக்கிறா பாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி, முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பேசவில்லை.